மூத்தவளுக்கு ஒரு வாளி உறை

பட்டாணியின் வீட்டில் இரண்டு சன்னல்கள் இருந்தன. ஒன்றைத் திறந்தால் ஆறு தெரியும். மற்றொன்றைத் திறந்தால் மூன்று குளங்கள் தெரியும். ஆற்றுச் சன்னலைப் பட்டாணி திறப்பாள். குளத்துச் சன்னலை அம்மா திறப்பாள்.

பட்டாணி என்பது அவள் சொந்தப் பெயர் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம், அதனால் அப்பா அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். இப்போது அவளுக்குப் பத்து வயது, வகுப்பிலேயே உயரமானவள். பெயர் மட்டும் வளரவே இல்லை.

அவள் அம்மாவை ஊரே 'குளத்தக்கா' என்று கூப்பிட்டது. அந்தச் சின்ன ஆற்றங்கரை ஊரில் எண்பத்திரண்டு வீடுகளும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், கழிவறைத் தண்ணீர் எல்லாம் மண்ணுக்கு அடியில் குழாய் வழியாக ஓடி அம்மாவின் குளங்களுக்கு வந்து சேரும். அங்கே ஒரு மாதம் போலத் தங்கி, அழுக்கெல்லாம் போன பிறகுதான் ஆற்றுக்குப் போகும்.

அம்மா மூன்று குளங்களுக்கும் பெயர் வைத்திருந்தாள். முதல் குளம் மூத்தவள். அடுத்தது நடுப்பெண். கடைசிக் குளம் கடைக்குட்டி. ஊர் அழுக்கு முழுவதும் முதலில் மூத்தவளிடம்தான் வரும். அவளும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள். அவள் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் ஓயாமல் மேலே வந்துகொண்டே இருக்கும். "மூத்தவ சாப்பிடுறா" என்பாள் அம்மா. நடுப்பெண் பச்சைப் பசேல் என்று இருப்பாள். கடைக்குட்டியிடம் வாத்துகள் குடும்பத்தோடு வந்து நீந்தும். அங்கிருந்து ஒரு நாணல் புதர் வழியாகத் தண்ணீர் ஆற்றில் விழும். விழும் இடத்தில் மீன்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும்.

இத்தனை வேலைக்கும் அங்கே பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. வெயில் உண்டு, காற்று உண்டு, ரப்பர் பூட்ஸ் போட்ட அம்மா உண்டு. அவள் காலையில் மதகுகளைப் பார்ப்பாள், கரையில் முளைத்த களையைப் பிடுங்குவாள், முதல் குளத்தின் வாயில் இருக்கும் கம்பி வலையில் மாட்டியதை எல்லாம் வாரி எடுப்பாள். சாவிக்கொத்து மாட்டும். பொம்மையின் கால் மாட்டும். ஒருமுறை ஒரு பல்செட்கூட மாட்டியது. அதன் சொந்தக்காரர் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

பள்ளியில் மட்டும் அந்த இடத்துக்கு 'நாத்தக் குளம்' என்று பெயர். தையல்காரர் மகன் ஒருவன் தினமும் அந்த வழியாக வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்வான். காற்று எதிர்ப்பக்கம் வீசினாலும் பொத்துவான். மழை நாளில் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பொத்துவான். அதனால் அவனுக்கும் மூக்குப்பொத்தி என்று பெயர் வந்துவிட்டது. வகுப்பில் அவன் பட்டாணிக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தான் என்பதுதான் கொடுமை.

பட்டாணிக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஆறு வாசலிலேயே ஓடியது, அப்பா அதில் படகு ஓட்டினார், ஆனால் அவள் ஒருநாளும் அதில் இறங்கிக் குளித்ததில்லை. ஆற்றின் மேல்பக்கம் ஒரு மணி நேரப் படகுத் தூரத்தில் இன்னோர் ஊர் இருந்தது. அவர்களிடம் குளம் இல்லை. அவர்கள் வீட்டுக் கழிவுநீர் முழுவதும் நேராக ஆற்றில்தான் கலந்தது.

"நம்ம தண்ணி சுத்தமாத்தான் போகுது. மேல இருந்து வர்றதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்பாள் அம்மா.

ஒரு புதன்கிழமை காலை பெரிய டீச்சர் பள்ளி முற்றத்தில் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்.

"மேல்கரை ஊர்க்காரங்க இன்னும் பதினேழு நாள்ல, ஒரு சனிக்கிழமை, நம்ம ஊருக்கு வர்றாங்க. நம்ம குளங்களைப் பார்க்கப் போறாங்க. பிடிச்சிருந்தா அவங்களும் வெட்டுவாங்க. அப்புறம் நீங்க எல்லாரும் ஆத்துல இறங்கலாம்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். பட்டாணி எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள்.

"பார்க்க வருவாங்க, மோந்துட்டு ஓடிடுவாங்க" என்றான் மூக்குப்பொத்தி.

பக்கத்தில் இருந்த நான்கு பேர் சிரித்தார்கள். பட்டாணிக்குக் காது சூடாகிவிட்டது. அன்று மதியம் முழுவதும் பாடம் எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து கை கழுவும்போது கழிவறை மூலையில் இருந்த நீல பாட்டில் கண்ணில் பட்டது. 'எல்லாக் கிருமிகளையும் கொல்லும். எலுமிச்சை மணம்' என்று அதில் எழுதியிருந்தது.

அவ்வளவுதான், பட்டாணிக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டது. குளத்துக்கு வரும் தண்ணீரே மணமாக வந்தால் குளம் ஏன் நாறப்போகிறது?

மறுநாள் நோட்டுப் புத்தகத்திலிருந்து தாள்களைக் கிழித்து உட்கார்ந்து எழுதினாள். மூக்குப்பொத்தியும் உதவிக்கு வந்தான். நாற்றத்தை ஒழிக்கும் வேலை என்றால் அவனைவிட ஆர்வமான ஆள் யார் இருக்கிறார்கள்?

'நாளை காலை ஏழு மணிக்கு எல்லோரும் உங்கள் கழிவறையில் கிருமி கொல்லும் மருந்து ஒரு பாட்டில் முழுவதும் ஊற்றுங்கள். நம் குளம் மணக்கட்டும். குளத்தக்காவிடம் சொல்லாதீர்கள். இது அவருக்கு ஓர் ஆச்சரியம்.'

கீழே ஒரு பூப் படம். அம்மா குளத்தில் இருந்த நேரமாகப் பார்த்து, தன் வீடு தவிர மற்ற எண்பத்தோரு வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள். ஒரு பிள்ளை கேட்டால் தட்டமாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஏழு மணி அடித்ததும் எண்பத்தோரு வீட்டிலும் பாட்டில்கள் கவிழ்ந்தன. பட்டாணி தன் வீட்டு பாட்டிலையும் கவிழ்த்தாள். பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் தானும் சளைத்தவர் இல்லை என்று இரண்டு பெரிய கேன்களை ஊற்ற வைத்தார்.

சனிக்கிழமை குளத்தங்கரையில் எலுமிச்சை வாசனை அடித்தது. மூக்குப்பொத்தி முதல்முறையாக விரலை எடுத்துவிட்டு இழுத்து மூச்சு விட்டான். பட்டாணி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மூத்தவளின் கரையில் குந்தி உட்கார்ந்து தண்ணீரை உற்றுப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குமிழிகள் நின்றுவிட்டன. அம்மா உடனே மூத்தவளுக்கும் நடுப்பெண்ணுக்கும் நடுவில் இருந்த மதகை இறுக்கி மூடினாள். திங்கட்கிழமை மூத்தவளின் பச்சை நிறம் வெளுத்துச் சாம்பல் நிறமானது. செவ்வாய்க்கிழமை அடித்த நாற்றத்துக்கு இரண்டு கை போதாது என்று மூக்குப்பொத்தி கழுத்துத் துணியையும் எடுத்துச் சுற்றிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் குளம் அப்படி நாறியது அதுதான் முதல் தடவை.

அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டு வருடமாக அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த குளம். காரணம் புரியாமல் கரையையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

செவ்வாய் மாலை குழாய் மாமா வந்தார். ஊரில் எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும், மோட்டார் ஓடாவிட்டாலும் அவர்தான் வரவேண்டும். அம்மா அவரைப் பார்த்ததும் நேராகக் கேட்டாள்.

"தம்பி, மறைக்காம சொல்லு. அடைப்பெடுக்க நீ வச்சிருக்கிற திராவகம் எதையாவது குழாய்ல ஊத்தினியா?"

"ஐயோ இல்லக்கா."

"அப்புறம் எப்படி? அடியில இருந்த கிருமி பூராவும் செத்துக் கெடக்கு. மேல இருந்த பாசியும் போச்சு. விஷம் விழாம இது நடக்காது."

பட்டாணி வாசற்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பென்சில் நின்றது.

"கிருமி செத்தா நல்லதுதானேம்மா?" என்றாள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நல்லதா? அழுக்கைத் தின்னு தீர்க்கிறதே அதுங்கதான்டி. பாசி வெயிலைக் குடிச்சுட்டு அதுங்களுக்குக் காத்து குடுக்கும். அதுங்க அழுக்கைத் தின்னும். குளத்துல வேலை பார்க்கிறது பூராவும் அதுங்கதான். நான் சும்மா மதகைத் திறந்து மூடுறவ."

பட்டாணி நோட்டை மூடினாள்.

"திராவகம் சத்தியமா இல்லக்கா" என்றார் குழாய் மாமா. "நான் ஊத்தினது ஒரே ஒரு பாட்டில்தான், அதுவும் அந்த..." சொல்லிக்கொண்டே வந்தவர் பட்டாணியின் முகத்தைப் பார்த்தார். சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"எந்த பாட்டில்?"

"அது... ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாததுக்கு ஏன் முழிக்கிற? உன்னைத் தம்பி மாதிரி நினைச்சேனே. ஊத்திட்டு ஊத்தலைன்னு சொல்றியா?"

குழாய் மாமா தலையைக் குனிந்துகொண்டார். பெரிய மீசை வைத்த மனிதர், திட்டு வாங்கும் பிள்ளை மாதிரி நின்றார். ஆச்சரியம் என்று ஒரு சின்னப் பெண் எழுதிக் கேட்டிருந்தாள், அதைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவர் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். பட்டாணிக்கு அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்தாள்.

"மாமாவைத் திட்டாதம்மா. நான்தான் பண்ணினேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தாள், பூப் படம், ஏழு மணி, எண்பத்திரண்டு வீடு, பள்ளிக்கூடத்தின் இரண்டு கேன்கள், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்போது மூக்கிலும் கண்ணிலும் சேர்ந்து வழிந்தது.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"உனக்கு ஆச்சரியமா இருக்கணும்னு..."

"ஆச்சரியமாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. "தம்பி, என்னை மன்னிச்சுக்கோ."

"அட விடுங்கக்கா. அடைப்பெடுக்கிற தொழில்ல இருக்கேன், இதைவிட மோசமா எல்லாம் திட்டு வாங்கியிருக்கேன்" என்றார் குழாய் மாமா.

அம்மா பட்டாணியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "உன் மேல கோவம் இல்லாம இல்ல. ஆனா நீ வந்து சொன்னதால எனக்குக் காரணம் தெரிஞ்சுது. இனிமே ஊத்தாம இருந்தா மூத்தவ தானாத் தேறிடுவா. என்ன, ஒரு மாசம் ஆகும்."

"அவங்க அடுத்த வாரம் சனிக்கிழமை..."

"ஆமா. பதினோரு நாள்தான் இருக்கு." அம்மா எழுந்து உள்ளே போனாள். போகும்போது குளத்துச் சன்னலை மூடினாள். தூங்கப் போகும் முன்பே அம்மா அந்தச் சன்னலை மூடிப் பட்டாணி பார்த்ததே இல்லை.

அப்பா படகைக் கட்டிவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டுப் பட்டாணியின் தலையைத் தடவினார். பிறகு அடுக்களையில் எட்டிப் பார்த்து, "இன்னிக்குத் தயிருக்கு யாரும் உறை ஊத்தலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா எப்போதும் மறக்காத வேலை அது. பட்டாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலைச் சுடவைத்தாள், ஆற வைத்தாள். பழைய தயிர்க் கிண்ணத்தைப் பார்த்தால் சுத்தமாகக் காலி. பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு கரண்டி கேட்டு வாங்கி வந்தாள். வெதுவெதுப்பான பாலில் விட்டுக் கலக்கினாள்.

கரண்டி பாதி சுற்றில் நின்றது.

இந்த ஒரு கரண்டித் தயிருக்குள் இருப்பதும் கிருமிதான் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி. காலைக்குள் ஒரு பாத்திரம் பாலையும் தயிராக்கிவிடும். நம் வீட்டில் உறை தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கேட்கிறோம். மூத்தவளிடம் தீர்ந்துவிட்டது. ஆனால் அவளுக்குப் பக்கத்து வீடு இல்லையா என்ன?

பட்டாணி கரண்டியோடு ஓடினாள்.

"அம்மா, கடைக்குட்டி நல்லாத்தானே இருக்கா? நடுப்பெண்ணும் நல்லாத்தானே இருக்கா?"

"இருக்காங்க. நான்தான் மதகை மூடிட்டேனே."

"அப்போ அவங்ககிட்ட இருந்து எடுத்து மூத்தவளுக்கு உறை ஊத்தினா என்ன?"

அம்மா அவளைப் பார்த்தாள். கரண்டியிலிருந்து தரையில் பால் சொட்டியது. அப்பாவைப் பார்த்தாள். மறுபடி பட்டாணியைப் பார்த்தாள்.

"எட்டு வருஷமா தண்ணியைக் கீழதான் விட்டிருக்கேன்" என்றாள் மெதுவாக. "கீழ இருந்து மேல கொண்டுபோகலாம்னு எனக்குத் தோணவே இல்லையே."

பிறகு எழுந்து போய்க் குளத்துச் சன்னலைத் திறந்தாள். நாற்றம் குப்பென்று அடித்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

மறுநாள் விடிந்ததும் பட்டாணி புதிதாக எண்பத்தோரு தாள் எழுதினாள். 'இனிமேல் ஊற்றாதீர்கள். கிருமிகள்தான் குளத்தில் வேலை செய்கின்றன. தவறு என்னுடையது. வாளி இருப்பவர்கள் மாலை நாலு மணிக்குக் குளத்துக்கு வாருங்கள்.' இந்தத் தடவை பூப் படம் போடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தானே நின்று வாசித்துக் காட்டினாள். முதல் பத்து வீட்டில் குரல் நடுங்கியது. அப்புறம் பழகிவிட்டது. ஒரு வீட்டு மாமி மட்டும், "நான் எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு பாட்டில் ஊத்தினேனேம்மா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குழாய் மாமாவிடம் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்று இருந்தது. ஊர் மோட்டாரை எல்லாம் சரி செய்கிறவர், தன்னுடையதை மட்டும் நான்கு மாதமாகப் பிரித்துப் போட்டு வைத்திருந்தார்.

"நாளைக்குள்ள மாட்டிடுறேன்" என்றார். "ஒரு திருகாணியைத்தான் காணோம்."

அதனால் முதல் நாள் வாளிதான். நாலு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், அவர்கள் பின்னாலேயே பெரியவர்களும் வந்தார்கள். பெரிய டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு வாளியோடு நின்றார். "நானும் ரெண்டு கேன் ஊத்தினவதானே" என்றார்.

அம்மா கண்டிப்பாகச் சில விஷயங்கள் சொன்னாள். எல்லோரும் கையுறை போடவேண்டும். பிள்ளைகள் கடைக்குட்டியின் பச்சைத் தண்ணீர் வாளியை மட்டும் கை மாற்றவேண்டும். மூத்தவளின் கரைக்குப் பெரியவர்கள்தான் போகவேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. நடுப்பெண்ணின் அடியிலிருந்து கொஞ்சம் சேற்றையும் அவளே நீளக் கரண்டியால் அள்ளினாள். அடியில் இருந்து சாப்பிடும் கிருமிகள் அதற்குள்தான் குடியிருந்தன.

கடைக்குட்டியிலிருந்து மூத்தவள் வரைக்கும் கரை நெடுக ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வாளி கை மாறிக் கை மாறிப் போனது. காலி வாளி அதே வழியில் திரும்பி வந்தது. பட்டாணிக்கு அடுத்து நின்றவன் மூக்குப்பொத்தி. ஒரு கையில் நிறைந்த வாளி, மறு கையில் காலி வாளி. அவன் முகம் போன போக்கைப் பார்த்துப் பட்டாணிக்குச் சிரிப்பு வந்தது.

"கழுத்துத் துணியைக் கட்டி விடவா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு. பத்து வாளி போனதும், தன் வாளியை முகத்தருகே தூக்கி ஒருமுறை மோந்து பார்த்தான். "ஏய், இதுல நாத்தமே இல்ல. மழை பெஞ்ச புல்லு வாசனைதான் அடிக்குது."

"நாலு வருஷமா அதைத்தான் சொல்றேன். நீ எங்க மோந்த?"

வாத்துகள் கரை ஏறி, தங்கள் வீட்டுத் தண்ணீர் இப்படிக் களவு போவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் திருகாணி கிடைத்தது. மாமாவின் மீசை சீப்பு இருந்த டப்பாவுக்குள்தான் இருந்ததாம். மோட்டார் ஓட ஆரம்பித்தது. ஐந்து நாள் பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர் குழாயில் ஏறி மூத்தவளுக்குள் விழுந்தது. பட்டாணி பள்ளிக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் கரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். வியாழன் ஒன்றும் இல்லை. வெள்ளி ஒன்றும் இல்லை. சனி ஒன்றும் இல்லை. ஞாயிறு அன்று பாலில் முதலில் ஓரம் உறைவதுபோல மூத்தவளின் ஓரத்தில் லேசாகப் பச்சை தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை தண்ணீருக்கு நடுவில் ஒரு குமிழி வந்து உடைந்தது.

பட்டாணி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். இன்னொன்று வந்தது. அப்புறம் பக்கத்திலேயே மூன்று வந்தன. அவள் எழுந்து வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, மூத்தவ சாப்பிடுறா."

அம்மா ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தாள். அப்படியே ஓடி வந்தாள். இருவரும் கரையில் குந்திக் குமிழிகளை எண்ண ஆரம்பித்தார்கள், நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. அம்மாவின் கண் கலங்கியிருந்தது. இந்த மூன்று குளமும் எவ்வளவு பெரிய வேலையைச் சத்தமே இல்லாமல் செய்கின்றன, இந்த அம்மாவும் அப்படித்தானே என்று அப்போது பட்டாணிக்குத் தோன்றியது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை மேல்கரையிலிருந்து அப்பாவின் படகில் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் அவர்கள் ஊர்த் தலைவி. நல்ல ஆகிருதியான பெண்மணி. சொந்தத் தொழில் ரொட்டிக் கடை. எதையும் லேசில் நம்பாதவர் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

கடைக்குட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நடுப்பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மூத்தவளிடம் வந்ததும் மூக்கைச் சுருக்கினார். மூத்தவள் முக்கால் பங்குதான் பச்சை. ஒரு மூலை இன்னும் சாம்பலாக இருந்தது, லேசாக வாடையும் அடித்தது.

"இது என்னம்மா, ஒரு மாதிரி இருக்கு?" என்றார்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். மேகமூட்டம் என்றோ காற்று என்றோ சொல்லிவிடலாம்.

"ரெண்டு வாரம் முன்னாடி உடம்பு சரியில்லாமப் போச்சுங்க. இப்போ தேறிட்டு வருது" என்றாள் அம்மா.

"ஏன் சரியில்லாமப் போச்சு?"

அம்மா பதில் சொல்வதற்குள் பட்டாணி முன்னால் வந்தாள். எண்பத்தோரு வீட்டில் சொல்லிப் பழகிய வாய், தடுமாறவே இல்லை. "நான்தாங்க காரணம்" என்று தொடங்கி, நீல பாட்டில் முதல் தயிர்க் கரண்டி வரை எல்லாவற்றையும் சொன்னாள். வந்தவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிச் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை.

"என்ன சொன்ன? உறையா?"

"ஆமாங்க. நல்லா இருக்கிறதுல கொஞ்சம் எடுத்து..."

"நல்லா இருக்கிறதுல ஒரு பிடி எடுத்து வச்சுப் புதுசுல கலக்கணும்" என்று தலைவியே முடித்தார். "இருபது வருஷமா நான் வேற என்ன பண்றேன்? முந்தின நாள் புளிச்ச மாவுல ஒரு பிடி எடுத்து வைக்கலைன்னா அடுத்த நாள் என் கடையில ரொட்டி கிடையாது. மாவு செல்லப் பிள்ளை மாதிரி, தெரியுமா? ஒருநாள் கவனிக்கலைன்னா கோவிச்சுக்கும்."

"குளமும் அப்படித்தாங்க" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் அந்த இருவரும் பேச ஆரம்பித்தவர்கள் மதியம் வரை நிறுத்தவில்லை. சூடு அதிகமானால் என்ன ஆகும், குளிர் வந்தால் என்ன ஆகும், எத்தனை நாள் பொறுக்கவேண்டும் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே மூன்று குளத்தையும் நான்கு முறை சுற்றினார்கள். கூட வந்தவர்கள் கால் வலித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

படகில் ஏறும்போது தலைவி திரும்பிப் பட்டாணியைக் கூப்பிட்டார்.

"பெரிய மெஷின் வாங்கிப் போடலாம்னு எங்க ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. மெஷின் நின்னுபோனா பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி கேட்டு ஓட்ட முடியாது. நாங்க குளமே வெட்டுறோம். வெட்டி முடிச்சதும் எங்களுக்கு உறை தருவியா?"

"ஒரு வாளி போதுமாங்க?" என்றாள் பட்டாணி.

அவர்கள் வெட்டி முடிக்க ஒரு வருடம் ஆனது. புதுக் குளத்தில் தண்ணீர் நிறைந்த செய்தி வந்த அன்று பட்டாணி அம்மாவோடு கடைக்குட்டியில் பச்சைத் தண்ணீர் மொண்டாள், நடுப்பெண்ணிடம் கொஞ்சம் சேறு அள்ளினாள், மூடி போட்டு அப்பாவின் படகில் ஏற்றினாள். ஒரு வாளி என்று பேச்சு, ஆனால் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து ஏற்றியதில் படகு கொள்ளாமல் நாற்பது வாளி ஆகிவிட்டது. வழி நெடுக மூக்குப்பொத்தி ஒரு வாளியை மடியில் வைத்து, சிந்தாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். திரும்பி வரும்போது எல்லா வாளியிலும் சூடான ரொட்டி இருந்தது என்று சொல்ல ஆசைதான். வாளியில் வைக்க அம்மா விடவில்லை, தாளில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

அதற்கடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்திருந்ததன் முடிவு கைக்கு வந்தது. அம்மா அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, "வாடி" என்றாள்.

ஆற்றங்கரையில் பாதி ஊர் நின்றது. ஆனால் முதலில் யார் இறங்குவது என்று எல்லோருக்கும் ஒரு தயக்கம். மூக்குப்பொத்தி சட்டையைக் கழற்றிப் பட்டாணியிடம் கொடுத்தான். அப்பாவின் படகு நுனியில் ஏறி நின்றான். மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு ஆற்றில் குதித்தான்.

பட்டாணி அவன் சட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தானும் மூக்கைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.